யாரையும் தெரியாத முகாமுக்குப் போகலாமா?

ஒன்பதாவது படிக்கிறேன், அடுத்த மாதம் மாவட்ட அளவில் சாரணியர் (கைட்ஸ்) இயக்கத்தின் மூன்றாம் படியான திரிதிய சோபான் தேர்வு முகாம், நான்கு நாள், என் நெருங்கிய தோழி வரவில்லை, எங்கள் பள்ளியிலிருந்து வருகிற மற்ற ஐந்து பேரும் வேறு செக்‌ஷன், எனக்குப் புதிதாக யாரிடமும் பேச வராது, அங்கே பிரண்ட்ஸ் கிடைப்பார்களா இல்லை நான்கு நாளும் ஓரமாக உட்கார்ந்திருப்பேனா, அப்பா வேறு யோசிக்கிறார் என்று கேட்டிருக்கிறாய்.

போ. தோழி வராததுதான் உனக்கு நல்லது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, 18 வருடமாக ஓர் உதவிபெறும் பள்ளியில் சாரணிய ஆசிரியையாக இருக்கிறேன், பெண்களை முகாமுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதே பாதி வேலை. அதில் தவறாமல் பார்த்தது ஒன்று: ஜோடியாக வருகிற இரண்டு பேரும் ஜோடியாகவே சாப்பிட்டு, ஜோடியாகவே பாத்ரூம் போய், ஜோடியாகவே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். தனியாக வந்த பிள்ளை முதல் நாள் ராத்திரி அழும், கடைசி நாள் அதன் ஸ்கார்ஃப் முழுக்க யார் யாரோ பேனாவால் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

நானும் அப்படி அழுதவள்தான். எட்டாம் வகுப்பில் முதல் முகாம். டென்ட்டில் என்னோடு ஏழு பேர், ஏழு பேரும் ஒரே பள்ளி, நான் மட்டும் வேறு. அவர்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடும், எனக்குப் புரியாது, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நானே நினைத்துக்கொள்வேன். மறுநாள் காலையில் எனக்கும் அவர்களில் ஒருத்திக்கும் தண்ணீர் முறை வந்தது. பம்ப்செட் கொஞ்சம் தூரம், பெரிய அண்டா, அதன் காதில் ஸ்டாவைச் செருகி (ஸ்டா என்றால் நாம் எல்லோரும் கையில் வைத்திருக்கும் அந்தக் கம்பு, உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்) ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு வரவேண்டும். அவள் உயரம், நான் குட்டை. தண்ணீர் முழுக்க என் பக்கம் சாய்ந்து என் முதுகில் கொட்டியது. "மெதுவா நட" என்று நான் கத்தியதுதான் நாங்கள் பேசிய முதல் வார்த்தை. நான்காவது நடைக்குள் அவள் வீட்டில் எத்தனை ஆடு, அவள் அண்ணன் என்ன படிக்கிறான், எங்கள் கணக்கு டீச்சர் எப்படிக் கிள்ளுவார் என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டோம். என் பெயரை அவள் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பேச வராது என்று நீ எழுதியிருப்பது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் பற்றி. உன் பெயர் என்ன, எந்த ஸ்கூல், என்ன மார்க், இந்த மாதிரிப் பேச்சு எனக்கும் வராது, இந்த வயதிலும் வராது. இரண்டு பேர் ஒரே கம்பைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னுமாக நடக்கும்போது முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, பேச விஷயமும் தேடவேண்டாம், தண்ணீர் தளும்புவதே விஷயம். முகாமில் சிநேகிதம் கேம்ப் ஃபயரில் பிறக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேம்ப் ஃபயரில் பாட்டும் நாடகமும் கிளாப்பும் யெல் என்கிற கூட்டு முழக்கமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே எல்லோரும் தீயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஏற்கெனவே சேர்ந்தவர்கள்தான் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சேர்ந்தது அன்று மதியம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில்.

இது தற்செயலாக நடப்பதில்லை, சாரண இயக்கம் தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமைப் பற்றி உனக்குப் பாடத்தில் வந்திருக்கும், தேர்வில் கேட்பார்கள் என்று தேதியை மனப்பாடம் செய்திருப்பாய். தேதியைவிட முக்கியம் யாரை அழைத்தார் என்பது. சுமார் 20 பையன்கள். பாதிப் பேர் பணக்காரர்கள் படிக்கிற தங்கும் பள்ளிகளில் இருந்து, மீதிப் பேர் பக்கத்து ஊர்களின் சாதாரணக் குடும்பங்களில் இருந்து. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். அவர்களை வகை வகையாகப் பிரிக்காமல் கலந்து, ஓநாய், காளை, காகம், கோட்டான் என்னும் நீர்ப்பறவை என்று நான்கு அணிகளாகப் போட்டார். ஒவ்வோர் அணிக்கும் அதற்குள்ளிருந்தே ஒரு பையன் தலைவன். நீ இன்று பேட்ரல், பேட்ரல் லீடர் என்று சொல்வது அங்கே தொடங்கியதுதான்.

பேட்ரலில் ஆறு முதல் எட்டுப் பேர் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று பேர் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஒருத்தி தனியாகிவிடுவாள். இருபது பேர் என்றால் ஒருத்தி ஓரமாக நாள் முழுக்க நின்றாலும் யாருக்கும் தெரியாது. எட்டுப் பேரில் ஒருத்தி குறைந்தால் காலை இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் செருப்பு ஸ்டாண்ட் கட்டி முடியாது, அதனால் உன்னை யாராவது தேடிக்கொண்டு வந்தே தீரவேண்டும். நீ கேட்ட "ஓரமாக உட்கார்ந்திருப்பேனா" என்பதற்கு இதுதான் பதில், உட்கார விடமாட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இப்போது மாவட்ட முகாம்கள் பல பள்ளி வளாகத்திலேயே நடக்கின்றன, வகுப்பறையில் படுக்கை, சமையலுக்கு ஆள் வைத்துவிடுகிறார்கள், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றால் போதும். பாதுகாப்புக்கும் சௌகரியத்துக்கும் அது சரிதான், ஆனால் அண்டா தூக்குகிற வேலை போய்விட்டதால் சிநேகிதம் தானாக வருவதும் பாதி குறைந்துவிட்டது. அப்படிப்பட்ட முகாமாக இருந்தால் வேலையை நீதான் தேடிப் போகவேண்டும். பரிமாற ஆள் வேண்டுமா என்று கேள். கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கோலம் போட ஒரு கூட்டம் சேரும், அதில் புகுந்துகொள், கோலம் வராவிட்டால் பொடி எடுத்துக்கொடு. கேட்ஜெட் (செருப்பு ஸ்டாண்ட் மாதிரி, கம்பையும் கயிற்றையும் வைத்துச் செய்கிற சாமான்) கட்டும்போது ஸ்டாவைப் பிடித்துக்கொள்ள எப்போதும் இன்னொரு கை தேவைப்படும்.

அப்புறம் முடிச்சுகள். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், க்ளோவ் ஹிட்ச், போலைன் எல்லாம் நீ முந்தைய நிலையிலேயே போட்டுக் காட்டித்தான் இங்கே வந்திருப்பாய். ஆனாலும் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி பாதிப் பேருக்குப் போலைன் மறந்துபோகும், கை நடுங்கும். உனக்கு அது நன்றாக வரும் என்றால் சத்தமில்லாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றில் போட்டுக்கொண்டிரு. யாராவது வந்து "இது எப்படி, இன்னொரு தடவை காட்டு" என்று கேட்காவிட்டால் நான் சொன்னது பொய். உனக்கு வராது என்றால் இன்னும் நல்லது, நீ போய்க் கேள். உதவி செய்கிறவளைவிட உதவி கேட்கிறவளோடு பழகுவது எல்லோருக்கும் எளிது, இதை நான் டீச்சராகி ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

பையில் என்ன வைப்பது என்று பெரிய லிஸ்ட் உன் டீச்சர் கொடுத்திருப்பார். அதில் இல்லாத நாலைந்து: ஊசி நூல், நிறைய சேஃப்டி பின், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி, கூடுதலாக ஒரு பாக்கெட் நாப்கின், கடலை மிட்டாய். எல்லாமே நடுராத்திரியில் யாராவது ஒருத்திக்கு அவசரமாக வேண்டியிருக்கும். கடலை மிட்டாயை முதல் நாளே பிரித்து எல்லோருக்கும் கொடுத்து நல்ல பெயர் வாங்கப் பார்க்காதே, அது அஞ்சு நிமிஷத்தில் தீர்ந்துபோகும், யார் கொடுத்தது என்பதும் மறந்துபோகும். இரண்டாவது நாள் சாயந்திரத்துக்கு வைத்துக்கொள்.

ஏன் இரண்டாவது நாள் என்றால், அன்றுதான் சண்டை வரும். முதல் நாள் எல்லோரும் மரியாதையாக இருப்பார்கள். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் தூக்கம் போதாது, வெயில், ஒருத்தி வேலை செய்யாமல் ஏய்க்கிறாள், இன்னொருத்தி லீடர் என்கிற பெயரில் அதிகாரம் பண்ணுகிறாள், யாரோ யாருடைய வாளியையோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "சாரணியர் அனைவருக்கும் தோழி, மற்ற எல்லாச் சாரணியருக்கும் சகோதரி" என்பது நம் ஒன்பது விதிகளில் மூன்றாவது, காலையில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள், சாயந்திரம் ஐந்து மணிக்கு அதே குரலில் கத்திக்கொண்டிருப்பார்கள். பயப்படாதே. உடன்பிறந்தவர்கள் இருக்கிற வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நான் டென்ட் பக்கம் போகாமல் தள்ளி நின்று பார்ப்பேன், பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவர்களே சரிசெய்துகொள்வார்கள், சில சமயம் உதவிக்கு ஒரு துண்டு கடலை மிட்டாய் தேவைப்படும்.

ஹைக் (நடைப்பயணம்) இருந்தால் அதைத் தவறவிடாதே, காலில் கொப்புளம் என்று பொய் சொல்லித் தங்கிவிடுகிற பிள்ளைகள் உண்டு. தடக் குறிகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிறபோது முன்னால் போகிறவளும் பின்னால் வருகிறவளும் மாறிக்கொண்டே இருப்பார்கள், வேறு எங்கேயும் பேச வாய்ப்பில்லாதவளோடு அரை மணி நேரம் நடக்கவேண்டி வரும். கல்லை அம்பு மாதிரி அடுக்கியது சரியான வழியா, யாராவது காலால் தட்டிவிட்டதா என்று இரண்டு பேர் சேர்ந்து வாதாடியதே போதும். பாத்திரமில்லாமல் சமைக்கிற வேலையும் இருந்தால் கேட்கவே வேண்டாம், உருளைக்கிழங்கை மண்ணில் பூசித் தணலில் போட்டு, வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக எடுத்து, அதையும் பங்கு போட்டுத் தின்ற கூட்டத்தை எந்தப் பிள்ளையும் மறந்து நான் பார்த்ததில்லை. இதோடு ஒரு பழைய தந்திரம் சொல்கிறேன்: விறகடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் பாத்திரத்தின் வெளிப்புறம் ஈர மண்ணையோ சோப்பையோ குழைத்துப் பூசிவிடு. கரி அதில் ஒட்டிக்கொண்டு கழுவும்போது சுலபமாக வந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற முறை யாருக்கு இருக்கிறதோ அவள் உன்னைக் கும்பிடுவாள்.

கஷ்டப்பட்டால் சிநேகிதம் தானாக வந்துவிடும் என்று ஒரு பேச்சு பெரியவர்களிடம் இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமன்கும் என்ற இடத்தில் நடந்த உலகச் சாரணர் பெருந்திரளணிக்கு (ஜம்போரி) 150க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். நிழலில்லாத கடலோரத் திடல், கொடும் வெயில், போதாத கழிப்பறை, நிறையப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் பாதியிலேயே கிளம்பின, கடைசியில் புயல் வருகிறது என்று மொத்த முகாமையும் காலி செய்து வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். தண்ணீர் சுமப்பது வேறு, ஒதுங்க நிழலே இல்லாதது வேறு. அதனால் போவதற்கு முன்னால் உன் டீச்சரிடம் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேள்: எங்கே படுக்கை, பெண்களுக்குக் குளியலறையும் கழிப்பறையும் தனியா, ராத்திரி நம்மோடு எந்த டீச்சர் தங்குகிறார். பதில் மழுப்பலாக வந்தால் அப்பா யோசிப்பது நியாயம்தான்.

அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் யாராக இருந்தாலும், எத்தனை பேட்ஜ் குத்தியிருந்தாலும், உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது, போன் நம்பரோ போட்டோவோ கேட்பது, "டீச்சரிடம் சொல்லாதே" என்பது, இதில் எது நடந்தாலும் அந்த நிமிஷமே உன் டீச்சரிடம் போ. அவர் கேட்காவிட்டால் வீட்டுக்குப் போன் பண்ணச் சொல்லிப் பிடிவாதம் பிடி.

பாஷை தெரியாத இடத்தில் என்ன செய்வது என்ற பயம் உனக்கு இப்போது இருக்காது, மாவட்ட முகாம்தானே. ஆனால் ராஜ்ய புரஸ்கார் (மாநில அளவிலான அடுத்த படி), அதற்கு மேல் என்று போனால் வரும். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது, நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். எங்கள் பெண்களுக்குப் பக்கத்து டென்ட்டில் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். கொடிப் பாட்டையும் பிரார்த்தனைப் பாட்டையும் இந்தியில் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள், அது முடிந்ததும் இரண்டு பக்கமும் சைகைதான், அவர்களுக்கும் இந்தி சுமார். முதல் இரண்டு நாள் பேட்ஜ் மாற்றிக்கொண்டதோடு சரி. பேட்ஜ் மாற்றுவதில் ஒரு பரபரப்பு இருக்கும், சந்தை மாதிரி, ஆனால் வாங்கியவளின் முகம் மறுநாள் ஞாபகம் இருக்காது. மூன்றாம் நாள் எங்கள் பிள்ளை ஒருத்தி உதிரி மல்லிகையை வைத்துக்கொண்டு பூக்கட்ட உட்கார்ந்தாள். விரலில் நாரைச் சுற்றி இழுக்கிற அந்த வேகத்தை அவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து கட்டப் பழகுகிறார்கள், பூ பாதி உதிர்கிறது, சிரிப்பு. அன்று ராத்திரி எங்கள் பெண்களுக்கு அவர்கள் ஒரு நடன அடி சொல்லிக்கொடுத்தார்கள். மணப்பாறை முறுக்கும் அவர்கள் கொண்டுவந்திருந்த ஏதோ ஒரு காரமான ஊறுகாயும் டென்ட்டுக்கு டென்ட் போய்வந்துகொண்டிருந்தன, அந்த ஊறுகாய் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது, மூங்கிலாக இருக்கும்.

உனக்கும் அப்படி ஏதாவது ஒன்று கையில் இருக்கும். பூக்கட்ட வரும், பல்லாங்குழி ஆடத் தெரியும், தலை பின்னத் தெரியும். தலை பின்னுவதைச் சாதாரணமாக நினைக்காதே, காலை ஐந்தரைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் முப்பது பெண்களுக்கு ஒரே நேரத்தில் இரட்டைச் சடை வேண்டும்.

முகாம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் நேராகவே சொல்கிறேன். நான்காம் நாள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவீர்கள், நோட்டில் நம்பர் எழுதிக்கொள்வீர்கள், அதில் பாதி அம்மா நம்பர், மீதி அப்பா நம்பர். அக்கா ஒருத்தி வாட்ஸ்அப் குரூப் தொடங்குவாள், இரண்டு வாரம் குட் மார்னிங் வரும், அப்புறம் அடங்கிவிடும். இதில் ஏமாற்றம் வேண்டாம். எட்டுப் பேரில் ஒருத்தி நின்றால் அதுவே நல்ல வரவு. அந்த ஒருத்தி நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடுத்த முகாம்தான். திரிதிய சோபானில் பார்த்தவளை ராஜ்ய புரஸ்காரில் மறுபடி பார்ப்பாய், "ஏய், நீயா" என்று இரண்டு பேரும் கத்துவீர்கள், இரண்டாம் சந்திப்பில்தான் அது சிநேகிதமாகிறது. இந்தப் படிநிலைகளை எல்லோரும் சான்றிதழுக்காகவும் மார்க்குக்காகவும் ஏறுகிறார்கள், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய லாபம் அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

நடுவில் இருக்கிற மாதங்களுக்கு, பிப்ரவரி 22ஐ வைத்துக்கொள். பேடன் பவலுக்கும் அவர் மனைவி ஒலேவுக்கும் அன்றுதான் பிறந்தநாள். சாரணியர் இயக்கத்தில் 1926இல் முடிவுசெய்து, அதை நினைவு நாளாக, மற்ற நாட்டுச் சாரணியரை நினைத்துக்கொள்கிற நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போடு. சிரிக்காதே. வாட்ஸ்அப்பில் வருகிற வாழ்த்தை யாரும் எடுத்து வைப்பதில்லை, வீட்டுக்கு வருகிற கார்டை அம்மா முதலில் படிப்பார், அதனாலேயே அந்தச் சிநேகிதம் வீட்டாருக்கும் தெரிந்ததாக ஆகிவிடும், அடுத்த முகாமுக்கு அனுமதி கேட்பது எளிது. அண்டா தூக்கியவளும் நானும் இப்படித்தான் கல்லூரி வரை தாக்குப்பிடித்தோம். நடுவில் அவள் கல்யாணம், என் கல்யாணம், ஐந்தாறு வருடம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு மாவட்ட முகாமில் பெற்றோர் வரிசையில் மகளைக் கூப்பிட வந்து நின்றாள், இன்னும் உயரமாகத்தான் இருந்தாள்.

இன்னும் மேலே போக ஆசை வந்தால் ஞாபகம் வைத்துக்கொள், உலகச் சாரணியர் அமைப்பின் உலக மையங்களில் ஒன்று நம் நாட்டிலேயே, புனேயில் இருக்கிறது, 1966இல் திறந்தது, பெயர் சங்கம். பல நாட்டுப் பெண்கள் வந்து தங்கிப்போகிற இடம். அது அப்புறம்.

இப்போது அப்பா. அவரிடம் "எல்லோரும் போகிறார்கள்" என்று சொல்லாதே, எந்த அப்பாவிடமும் அது எடுபடாது. கூட வருகிற டீச்சரின் நம்பர், முகாம் நடக்கிற பள்ளியின் பெயர், கிளம்புகிற நேரம், திரும்புகிற நேரம், நான் மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் வந்த பதில், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது கொடு. போன் டீச்சரிடம்தான் இருக்கும், ராத்திரி ஒரு தடவை பேசலாமா என்று டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு அதையும் எழுது. அவர் பஸ் ஏற்றிவிட வந்தால், வரட்டும், முகாம் வாசல் வரைக்கும் வந்தாலும் வரட்டும். உன்னை மாதிரியே தனியாக நிற்கிற ஒருத்தியின் அப்பாவும் அங்கே நின்றுகொண்டிருப்பார், இரண்டு பேரும் பஸ் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.